ஜீப்பில் வரும் எஸ்டேட் முதலாளி

செவ்வாய்பேட்டை, சேலம்
ஞாயிறு இரவு

அன்புள்ள தோழிக்கு,

உன் கவர் புதன்கிழமை வந்தது. கடை சாத்தியதும் உட்கார்ந்து நீ எழுதுகிற நாவலின் மூன்று அத்தியாயத்தையும் ஒரே மூச்சில் படித்தேன். நேற்று மறுபடியும் படித்தேன். பெரியவனுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது, அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுச் செய்தி அவ்வளவுதான். இனி நீ கேட்டதற்கு வருகிறேன்.

"ஜனங்க இப்போ எதை விரும்பிப் படிக்கிறாங்க, எது சலிச்சுப் போச்சு, உன் வாடகை லைப்ரரி நோட்டப் பாத்துச் சொல்லுடி" என்று கேட்டிருந்தாய். நோட்டு பாதிதான் சொல்லும். யார் எந்தப் புத்தகத்தை எடுத்துப் போனார்கள் என்பது அதில் இருக்கும். படித்து முடித்தார்களா என்பதைத் திரும்பி வரும் புத்தகம்தான் சொல்லும். அடையாளத்துக்குப் பக்க முனையை மடிக்காதீர்கள் என்று எத்தனை தடவை சொன்னாலும் மடிக்கத்தான் செய்கிறார்கள். இப்போது எனக்கு அதில் கோபமே வருவதில்லை. மலை எஸ்டேட் காதல் நாவல் ஒன்று இங்கே இருக்கிறது. மூன்று பேர் வாங்கிப் போயிருக்கிறார்கள். மூன்று மடிப்பும் நாற்பதாம் பக்கத்துக்குள்ளேயே இருக்கின்றன. அதற்கு அப்புறம் உள்ள தாள்களை யாரும் தொட்டதாகவே தெரியவில்லை.

உன் முதல் அத்தியாயத்தில் கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருவன் ஜீப்பில் இறங்குகிறானே, அவனைப் பார்த்ததும் எனக்கு அந்தப் புத்தகம்தான் ஞாபகம் வந்தது. அப்படி ஒருவன் இருந்தால்தான் புத்தகம் போகும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறாய். ஒரு காலத்தில் போனது, நானே வாடகைக்கு விட்டிருக்கிறேன். ஆனால் அந்தக் கதைகளில் எஸ்டேட்டில் யாரும் வேலை செய்வதில்லை. காப்பித் தோட்டம் நிறைந்த ஏற்காட்டில் கதை நடக்கும், கதாநாயகி தேயிலை கிள்ளிக்கொண்டிருப்பாள். இன்னொன்றில் செடி முழுக்க வெள்ளைப் பூ, அதே செடியில் சிவக்கப் பழுத்த காப்பிப் பழம். கோடை மழை விழுந்தால்தான் பூ, அதுவும் மூன்று நாலு நாளில் உதிர்ந்துவிடும். பழம் பறிக்கக் கார்த்திகை, மார்கழி ஆகவேண்டும் என்று நீதானே எனக்குச் சொல்லிக் கொடுத்தாய்! ஏற்காட்டிலிருந்து இங்கே கட்டிக்கொடுத்த ஒரு பெண் அந்தப் பக்கத்தை விரித்து என் மேஜையில் வைத்து, "எங்க ஊருக்கு வந்தே பாத்ததில்லைங்க்கா இவங்க" என்றாள். அவள் முகம் வாடிப்போயிருந்தது.

இன்னொரு வகையைப் பற்றி ரொம்ப நாளாக உன்னிடம் பேசவேண்டும் என்றிருந்தேன். ஆன்டி ஹீரோ கதைகள். கட்டாயத் தாலி, கன்னத்தில் அறைவது, பூட்டி வைப்பது, கடைசியில் அவனுக்குச் சின்ன வயதில் ஒரு சோகம் இருந்தது என்று தெரிந்ததும் அவள் அழுதுகொண்டே மன்னிப்பது. போனில் தினம் ஒரு அத்தியாயமாக வருவதிலும் இது நிறைய. கேட்டு வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் வெள்ளிப் பட்டறைக்குப் போகிற ஒரு அக்கா வாரம் இரண்டு புத்தகம் எடுப்பார். கொலுசுக்குச் சலங்கை பற்றவைக்கிற வேலை; விரல் நுனியெல்லாம் சூடு பட்டுக் காய்த்திருக்கும், பக்கத்தைப் புரட்டும்போது சரசரவென்று சத்தம் வரும். போன மாதம் அப்படி ஒரு நாவலை மறுநாளே கொண்டுவந்து நீட்டினார். "அடிச்சவன மன்னிக்கிறத வீட்டுலயே பாக்கறேன் கண்ணு. அதுக்கு வாடகை வேற குடுக்கோணுமா?" என்றார். அன்று வாடகையை நான் வாங்கவில்லை. ராத்திரி முழுக்க அந்தக் கேள்விதான் மனசில் ஓடியது. அந்த மாதிரி புத்தகம் புதிதாக வாங்குவதை அதோடு நிறுத்திவிட்டேன்.

சரித்திரக் கதைக்கு இன்னும் மவுசு குறையவில்லை. 2022-ல் படம் வந்தபோது பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் அலமாரியில் தங்கவே இல்லை. 1950 முதல் 1954 வரை வாராவாரம் காத்திருந்து படித்த கதை, இன்றைக்கும் முதல் பாகத்தைக் கொடுத்தால் ஐந்தாவதுக்கு வந்து நிற்கிறார்கள். அதைப் பார்த்து எழுதியவற்றில்தான் அலுப்பு. சுரங்கப்பாதை, ஒற்றன், முத்திரை மோதிரம் எல்லாம் இருக்கும். வந்தியத்தேவன் மாதிரி பசியோடு ஊருக்குள் வருகிற ஆள் ஒருத்தன் இருக்கமாட்டான்.

விரும்புவது எதை என்றால், நான் பார்த்தவரை, ஆள் என்ன வேலை செய்து பிழைக்கிறாள் என்பது தெரிகிற கதையை. அது காதல் கதையாக இருக்கலாம், பேய்க் கதையாக இருக்கலாம், கொலைக் கதையாகவும் இருக்கலாம். ஐம்பது வயதுக்காரி கதாநாயகியாக வந்தால் கை மாறி மாறிப் போகிறது. மெல்லிசான புத்தகமாக இருந்தால் இன்னும் நல்லது, பஸ்ஸில் போகவர முடித்துவிடுவார்கள்.

ஊர்ப் பேச்சில் எழுதினால் படிப்பார்களா என்று பயப்படுகிறாய். ஆர். சண்முகசுந்தரம் நாகம்மாளை எழுதியது 1942-ல். நிலத்தைப் பாகம் பிரிக்கச் சொல்லி நிற்கும் ஒரு விதவை, கொங்குப் பேச்சு, சின்னப் புத்தகம். இன்றைக்கும் எடுத்துப் போகிறார்கள். பேசுகிற இடத்தில் பேச்சு வரட்டும். சொல்லுக்குச் சொல் வழக்கை அடைத்து, அடிக்குறிப்பும் போட்டால்தான் களைத்துப்போகிறார்கள்.

இப்போது உன் மூன்றாம் அத்தியாயம். சாயங்காலம் காப்பிப் பழ மூட்டைகளைத் தராசடியில் கொண்டுவந்து வைக்கிறார்கள். அந்தப் பெண் தன் மூட்டையிலிருந்து ஒரு கை அள்ளி, வயசான கிழவியின் மூட்டையில் போடுகிறாள். கிழவி பார்த்தும் பார்க்காதது போல் மிளகுக் கொடிப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். இதைப் படித்ததும் தாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து தண்ணீர் குடித்தேன். நீ அதை அரைப் பக்கத்தில் முடித்து, ஜீப் சத்தத்தைக் கொண்டுவந்துவிட்டாய். எனக்கு அந்த ஜீப் வேண்டாம்டி. அவன் வரட்டும், காதலிக்கட்டும், ஆனால் தராசைத் தாண்டி வரட்டும்.

அடுத்த ஞாயிறு கடைக்கு லீவு. காலை பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காட்டுக்கு உன்னைப் பார்க்க வருகிறேன். எலுமிச்சம்பழம் மோந்துகொண்டே வருவேன், நீ கவலைப்படாதே. தட்டுவடையும் காரச் சட்னியும் கட்டிக்கொண்டு வருகிறேன். அதற்குள் அந்த இடத்தை மட்டும் திருப்பி எழுதி வை. எடை போடுகிறவன் கிழவியின் கணக்கைக் குறைத்துச் சொன்னால், அந்தப் பெண் அப்போது என்ன பேசுவாள்? எனக்கு அது தெரியவேண்டும்.

உன் பிரியமுள்ள
தோழி