ஊசி மூடியின் நிறத்தைப் பாருங்கள், மைனி

அன்புள்ள மைனிக்கு,

நான் நலம். இங்கிலாந்தில் குளிர் தொடங்கிவிட்டது. நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. அம்மாவுக்கு இன்சுலின் போடும் ஊசி களியக்காவிளையில் கிடைக்காமல் அண்ணன் பாறசாலையில் வாங்கி வந்ததாகப் போனில் சொன்னீர்களே, அதிலிருந்து மனசு சரியில்லை. அந்த ஊசியின் மூடி சிவப்பா, ஆரஞ்சா?

அம்மாவின் குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் மருந்து. அதற்குச் சிவப்பு மூடி ஊசிதான். ஆரஞ்சு மூடி 100 யூனிட் மருந்துக்கு உள்ளது. அதில் அம்மாவின் மருந்தை 20 கோடு வரை இழுத்தால் 8 யூனிட்தான் போகும், சர்க்கரை ஏறிவிடும். 100 மருந்தைச் சிவப்பு ஊசியில் அதே 20 வரை இழுத்தாலோ 50 யூனிட் போய்விடும். உயிருக்கே ஆபத்து. பேனா மாதிரிக் கருவியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் 100 யூனிட். அதிலிருந்து ஊசியால் உறிஞ்சி எடுக்கவே கூடாது.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் அடுத்தடுத்த அறைகளில் ஒரே பெயரில் இரண்டு பாட்டிகள். ஒருவருக்கு ஞாபகமே இல்லை. எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் 'ஆமா' என்பார். அதனால் மருந்துத் தாளில் ஒட்டிய போட்டோவையும் முகத்தையும் பார்த்த பிறகே பேனாவைத் திறப்போம். சாப்பாட்டு நேர இன்சுலினும் நாள் முழுக்க வேலை செய்யும் இன்சுலினும் தண்ணீர் மாதிரித் தெளிவாகவே இருக்கும், பெயரைப் படிக்காமல் தெரியாது. யூனிட் என்பதைச் சுருக்கி U என்று ஒரே எழுத்தாக எழுதினால் அது சுழியம் போலத் தெரிந்து 4 என்பது 40 ஆகிவிடும். சுருக்கக் கூடாது என்று 2010-லேயே இங்கே எச்சரிக்கை விட்டார்கள். போட்ட கையோடு கையெழுத்தும் போட வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஷிப்டில் வருபவர் மறுபடி போட்டுவிடுவார்.

நீங்களும் அண்ணனும் மாறி மாறித்தானே போடுகிறீர்கள்? தினத்தாள் காலண்டரில் அன்றன்று குறித்துவிடுங்கள்.

அப்புறம், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும் அவசரத்தில் அம்மா ஊசி மட்டும் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் போவாள். விடாதீர்கள். இட்லி தட்டுக்கு வந்த பிறகு ஊசியை எடுங்கள். வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் சர்க்கரை 70-க்குக் கீழே போயிருக்கும். மூன்று நாலு ஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவில்லை என்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

குப்பியையும் ஊசியையும் சேர்த்து வைத்து இன்றே போட்டோ அனுப்புங்கள். அதுவரை அந்தப் புது ஊசியைத் தொட வேண்டாம். பழையதும் இல்லையென்றால் மருந்துக் கடையில் குப்பியைக் காட்டிச் சிவப்பு மூடி கேட்டு வாங்குங்கள். வேளை தவறவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்