குறை எல்லாவற்றையும் ஒரே தடவையில் சொல்லுங்கள்: சுங்கத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சுங்கத் துறை உயர் அதிகாரிகளுக்கு,

வணக்கம். கரூரில் இருபது வருடமாக வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி செய்யும் ஒரு சிறு நிறுவனத்தின் பங்குதாரர் நான். கிச்சன் டவல், மேசை விரிப்பு, ஏப்ரான் இவைதான் எங்கள் சரக்கு. தறிக்கு வேண்டிய உதிரி பாகங்களை அவ்வப்போது இறக்குமதியும் செய்கிறோம். சுங்கத் துறை தரும் நம்பகமான வணிகர் சான்றின் முதல் நிலைக்கு, அதாவது ஏ.இ.ஓ. டி1-க்கு, 2025 ஜனவரியில் விண்ணப்பித்தோம். இப்போது நவம்பர். சான்று வரவில்லை. நிராகரித்துவிட்டோம் என்றும் யாரும் சொல்லவில்லை. போன வாரம் வந்தது நாலாவது குறைபாட்டு மெமோ.

எந்த அலுவலகம் என்று இங்கே எழுதவில்லை. அங்கே வேலை பார்க்கும் ஒருவரை மாட்டிவிடுவது என் நோக்கம் இல்லை. கோப்பு எண் உங்களிடம் இருக்கிறது, அது போதும். நான் கேட்பது ஒன்றுதான். ஒரு விண்ணப்பத்தில் என்னென்ன குறை இருக்கிறதோ, அத்தனையையும் முதல் மெமோவிலேயே சொல்லிவிடுங்கள்.

2020 டிசம்பர் 15-ம் தேதியிட்ட 54/2020 சுற்றறிக்கையை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எங்களைப் போன்ற சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்காகவே வந்தது அது. வருடத்துக்கு 25 சுங்க ஆவணம் தாக்கல் செய்திருக்க வேண்டும் என்பதை 10 ஆகக் குறைத்தார்கள். மூன்று வருட வியாபாரம் என்பதை இரண்டு வருடமாக்கினார்கள். டி1 விண்ணப்பத்தின் மேல் 15 வேலை நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்றும் எழுதினார்கள். அதைப் படித்த அன்று உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். டெல்லியில் யாரோ எங்களை நினைத்து உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள் என்று தம்பியிடம் சொன்னேன்.

அந்த 15 நாளுக்கு முன்னால் இருக்கும் இரண்டு வார்த்தையை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை. முழுமையான ஆவணங்கள் வந்த பிறகுதான் நாள் கணக்கு ஆரம்பிக்கும். ஆவணம் முழுமையா இல்லையா என்று சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். நீங்கள் ஒரு மெமோ அனுப்பினால் என் ஆவணம் முழுமையற்றதாகிவிடுகிறது. நான் பதில் போட்டதும் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறது. இப்படி நாலு தடவை ஆகிவிட்டது.

முதல் மெமோ பிப்ரவரியில் வந்தது. பங்குதாரர் பெயர் பொருந்தவில்லை என்று எழுதியிருந்தார்கள். என் தம்பிக்கு, எங்கள் வழக்கப்படி, அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். ஐ.இ.சி. என்ற ஏற்றுமதி-இறக்குமதிப் பதிவில் அந்த ஓர் எழுத்து பெயருக்கு முன்னால் நிற்கிறது. பான் கார்டில் இனிஷியலை விரித்து எழுதச் சொன்னதால், அப்பாவின் முழுப் பெயரும் வந்து சேர்ந்திருக்கிறது. ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால். மூன்றும் ஒரே ஆள்தான். எங்கள் பக்கம் எந்த வீட்டில் கேட்டாலும் இந்தக் கதை இருக்கும். சரி, வடநாட்டுப் பெயர் முறையை வைத்துச் செய்த படிவம், அதிகாரி என்ன செய்வார் என்று நினைத்து, முத்திரைத்தாளில் உறுதிமொழி எழுதி, நோட்டரி கையெழுத்து வாங்கி, மூன்றாம் நாளே ஆன்லைனில் ஏற்றிவிட்டோம்.

இரண்டாவது மெமோ மார்ச் கடைசியில். ஆடிட்டர் கொடுத்த நிதி நிலைச் சான்றில் யு.டி.ஐ.என்., அதாவது ஆடிட்டரின் ஒவ்வொரு சான்றுக்கும் உள்ள தனி எண், தெளிவாகத் தெரியவில்லையாம். அந்தச் சான்று ஜனவரியிலிருந்து உங்களிடம்தான் இருந்தது. பிப்ரவரியில் தம்பியின் இனிஷியலைப் பார்த்த கண்ணுக்கு அடுத்த பக்கத்தில் இருந்த இந்த எண் படவில்லையா? வேறு ஸ்கேன் எடுத்து அன்று சாயங்காலமே அனுப்பினோம்.

மூன்றாவது மெமோதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது. அது மே மாதம் வந்தது. "நிதியாண்டு முடிந்துவிட்டதால் 2024-25 தணிக்கை செய்த கணக்கைச் சமர்ப்பிக்கவும்." நாங்கள் விண்ணப்பித்த நாளில் அந்த நிதியாண்டு முடியவே இல்லை. ஜனவரியில் சரியாக இருந்த கணக்கு, உங்கள் மேசையில் இருந்த நாளில்தான் பழசாகிப்போனது. நீங்கள் எடுத்துக்கொண்ட காலத்துக்கு நாங்கள் ஆவணம் தர வேண்டியிருக்கிறது. எங்களைப் போன்ற சின்ன நிறுவனத்துக்கு மே மாதத்தில் ஆடிட் முடியாது. செப்டம்பர் ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

அந்த செப்டம்பரில்தான் கன்டெய்னர் மாட்டியது.

ஹாம்பர்க் போக வேண்டிய கிறிஸ்துமஸ் ஆர்டர். நாற்பதடி கன்டெய்னர், 620 அட்டைப்பெட்டி. ஃபேக்டரியிலேயே ஏற்றி, இ-சீல் என்ற மின்னணுப் பூட்டு போட்டு, தூத்துக்குடிக்கு அனுப்பினோம். சோதனைக்கு விழுந்திருக்கிறது என்று காலை பதினோரு மணிக்கு எங்கள் சுங்க ஏஜென்ட் போன் செய்தார். சோதனையை நான் குறை சொல்லவில்லை, அது உங்கள் கடமை. சிஸ்டம் யாரை வேண்டுமானாலும் எடுக்கும். ஆனால் டி1 கையில் இருந்தால் அப்படி எடுக்கும் வாய்ப்பு குறையும், சரக்கு சீக்கிரம் வெளியே வரும் என்பதுதானே இந்தத் திட்டமே?

மதியத்துக்குள் ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினார். முப்பது முப்பத்தைந்து பெட்டிகளை ஷெட் தரையில் இறக்கி, டேப்பை அறுத்து, டவல்களை வெளியே எடுத்து வைத்திருந்தார்கள். அந்த டவல் மூன்று மூன்றாக ஒரு செட். கலைமான் படம் மேலே வருகிற மாதிரி மடித்து, சிவப்பு ரிப்பன் கட்டி, முடிச்சுக்குள் விலை அட்டையைச் செருக வேண்டும். ரிப்பன் ஒரு தடவை அவிழ்ந்தால் தடம் விழுந்துவிடும், மறுபடி அதையே கட்ட முடியாது. பேக்கிங்கில் இருக்கும் மூத்த அக்காவையும் இன்னொரு பெண்ணையும் காரில் ஏற்றிக்கொண்டு, ரிப்பன் சுருள், டேப், ஒரு கட்டு விலை அட்டையோடு கிளம்பினேன். போய்ச் சேர ராத்திரி எட்டு மணி. அனுமதி வாங்கி உள்ளே போனதும், வெட்டிய பெட்டியைத் தரையில் விரித்து இருவரும் உட்கார்ந்தார்கள். நடுராத்திரி தாண்டியும் மடித்தார்கள், கட்டினார்கள். அக்கா நடுவில் ஒரு தடவைதான் பேசினார். "நம்ம மேல என்னங்க தம்பி சந்தேகம்?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இருபது வருடத்தில் எங்கள் மேல் விளக்கம் கேட்டு ஒரு ஷோகாஸ் நோட்டீஸ் கிடையாது. அதைத்தான் ஜனவரியிலேயே எழுதிக் கொடுத்து, நம்பிக்கையான ஆள் என்று ஒரு காகிதம் கேட்டோம். அது எங்கே போனது என்று அவருக்கு எப்படிச் சொல்வேன்?

எல்லாம் முடிந்து சரக்கு உள்ளே போவதற்குள், கப்பலுக்குச் சரக்கு ஏற்கும் கடைசி நேரமான கட்-ஆஃப் தாண்டிவிட்டது. கொழும்பு போகும் ஃபீடர் என்ற சின்னக் கப்பல் கிளம்பிவிட்டது, அங்கிருந்து போக வேண்டிய பெரிய கப்பலும் கை விட்டுப் போனது. தாமதத்துக்காக வாங்குபவர் 5 சதவீதம் தள்ளுபடி கேட்டார், கொடுத்தோம். அந்த ஆர்டரில் எங்களுக்கு நின்றதே அவ்வளவுதான். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா போட்ட 50 சதவீத வரியால் எங்களுக்கு இருந்த இரண்டு அமெரிக்க வாடிக்கையாளர்களில் ஒருவர் ஆர்டரையே நிறுத்திவிட்டார். ஐரோப்பாவையும் இழந்தால் பேக்கிங் செக்‌ஷனில் யாரை நிறுத்துவது, யாரை அனுப்புவது?

அப்புறம் இன்னொன்று. நாங்களே நேரடியாக விண்ணப்பித்ததுதான் தப்பு, ஒரு கன்சல்டன்ட் மூலமாகப் போயிருந்தால் எப்போதோ முடிந்திருக்கும் என்று இந்தத் தொழிலில் இருக்கும் மூன்று பேர் என்னிடம் சொல்லிவிட்டார்கள். அரசுக்கு ஒரு பைசா கட்டணம் இல்லாத சான்று இது. சிறியவர்களுக்காகச் சுலபமாக்கிய சான்று. அதை வாங்க வழி தெரிந்த ஆள் வேண்டும், அவருக்குப் பணம் கட்ட வேண்டும் என்றால், யாருக்காகச் சுலபமாக்கினீர்கள்? வழக்கறிஞர் குழுவும் கணக்குக் குழுவும் வைத்திருக்கும் பெரிய கம்பெனிக்கு நாலு மெமோ வந்தாலும் தாங்கும். எங்களிடம் எல்லா ஃபைலையும் பார்ப்பது தம்பி ஒருவன்தான். தறி ஓடுகிறதா, சாயம் சரியாக வந்ததா, சம்பளம் போட்டாயிற்றா என்று பார்த்துவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு உங்கள் மெமோவுக்குப் பதில் தயார் செய்கிறான். இரண்டு புது தறி இறக்குவதற்கு பேங்க் கியாரண்டிக்காக வைப்புத்தொகை கட்டி வைத்திருக்கிறோம். டி1 இருந்தால் அந்தத் தொகை வெகுவாகக் குறையும். ஒரு நாட்டின் நம்பகமான வணிகரை மற்ற நாடும் ஏற்கும்படி அமெரிக்காவோடு 2021-ல் பரஸ்பர அங்கீகார ஒப்பந்தம் போட்டிருக்கிறீர்கள், நாங்களும் ஒரு நாள் அடுத்த நிலையான டி2 வரைக்கும் போய் அதன் பலனைப் பார்க்கலாம் என்று ஆசைப்பட்டோம். முதல் படியிலேயே பத்து மாதம் நிற்கிறோம்.

கோபத்தில் நீளமாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிரிவில் ஆள் பற்றாக்குறை இருக்கலாம், ஒருவரே நூறு கோப்பைப் பார்க்கலாம். அப்படியென்றால் ஒரே கோப்பை நாலு தடவை திறப்பது உங்களுக்கும் சுமைதானே? தெரிந்தவர்களின் சரக்கை விட்டுவிட்டால் தெரியாதவர்களின் சரக்கை நன்றாகப் பார்க்கலாம் என்பதற்காகத்தான் 2005-ல் உலக சுங்க அமைப்பு இந்த ஏற்பாட்டையே கொண்டுவந்தது. அன்று எங்கள் கலைமான் டவலை எண்ணிய நேரத்தில் உங்கள் அதிகாரி வேறு எதையோ பார்த்திருக்கலாம்.

ஆகவே பணிவோடு மறுபடியும் கேட்கிறேன். குறை இருந்தால் முதல் தடவையே எல்லாவற்றையும் சொல்லுங்கள். நாங்கள் பதில் தர எடுக்கும் நாளைக் கழித்துவிட்டு, மிச்சக் கணக்கை விட்ட இடத்திலிருந்து எண்ணுங்கள், ஒன்றிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். விண்ணப்பித்த நாளில் செல்லுபடியாக இருந்த ஆவணத்தை, கோப்பு உங்களிடம் இருந்த காலத்துக்காகப் பழசு என்று திருப்பி அனுப்பாதீர்கள். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம், ஒரு அலுவலக உத்தரவு போதும்.

நாலாவது மெமோவில் நிறுவனத்தின் முகவரியில் பின்கோடு விடுபட்டிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். சேர்த்து, 2024-25 கணக்கையும் இணைத்து, இன்று காலை ஏற்றியாயிற்று. ஜனவரி இரண்டாம் வாரம் ஈஸ்டர் ஆர்டரின் முதல் கன்டெய்னர் கிளம்புகிறது. அதற்கு முன் இந்தக் கோப்பை ஒருவர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே மூச்சில் பார்த்து, ஆம் அல்லது இல்லை என்று சொல்லிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
ஒரு சிறு ஏற்றுமதியாளர்,
கரூர்.