காலநிலைத் திட்டங்களில் பறவைகளையும் கணக்கில் கொள்ள வேண்டி மனு

அனுப்புநர்:
பறவைக் கணக்கெடுப்புத் தன்னார்வலர்

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம் மற்றும் வனத்துறை

பொருள்: காலநிலை நிதியில் நடைபெறும் மரம் நடுதல், காற்றாலைப் பணிகளுக்கு முன் பறவைகள் குறித்த ஆய்வைக் கட்டாயமாக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். பதினைந்து ஆண்டுகளாகப் பறவைக் கணக்கெடுப்பில் ஈடுபட்டு வருகிறேன். நான் ஆண்டுதோறும் சென்றுவரும் புல்வெளி ஒன்றில் கடந்த ஆண்டு மரக்கன்றுகளுக்காகக் குழிகள் வெட்டினார்கள். காலநிலை மாற்றத்தை எதிர்கொள்ளும் பணி என்று அங்கே பலகையும் வைத்திருந்தார்கள். குழி மண்ணைக் கொட்டிய இடத்தில் ஒரு வானம்பாடியின் கூடு இருந்தது எனக்கு முன்பே தெரியும். முட்டைகளோடு அது மண்ணுக்கடியில் போயிற்று. வேலை செய்தவர்களை நான் குறைசொல்லவில்லை. புல்லுக்குள் கூடு இருக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. திட்ட ஆவணம் சொல்லியிருக்க வேண்டும். அதை வாங்கிப் படித்தேன், பறவை என்ற சொல்லே அதில் இல்லை. அதனால்தான் இந்த மனுவை எழுதுகிறேன்.

வெப்பம் கூடும்போது பறவைகளுக்கு முதலில் குலைவது காலக்கணக்கு. ரெட் நாட் என்ற உள்ளான் (சேற்றில் அலகால் துழாவி இரை தேடும் கரைப்பறவை) இனத்தின் ஒரு பிரிவு ரஷ்யாவின் ஆர்க்டிக் பகுதியிலுள்ள தைமிர் தீபகற்பத்தில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தை மேற்கு ஆப்பிரிக்காவின் மவுரித்தேனியக் கடற்கரையில் கழிக்கிறது. தைமிரில் இப்போது பனி முன்னதாகவே உருகிவிடுகிறது. பூச்சிகளும் முன்னதாகவே பெருகி ஓய்ந்துவிடுகின்றன. பொரித்து வெளிவரும் குஞ்சுகளுக்குப் போதிய இரை கிடைப்பதில்லை. உடல் சிறுக்கிறது, அலகும் குட்டையாகிறது. மவுரித்தேனியச் சேற்றுவெளியில் அவை உண்ண வேண்டிய சிப்பிகள் ஆழத்தில் கிடக்கின்றன. குட்டை அலகு அங்கே எட்டாது. கடற்புல்லின் வேர்த்தண்டைத் தின்று காலம் தள்ளும் அந்த இளம்பறவைகளில் பிழைப்பவை குறைவு என்று 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆர்க்டிக்கில் பனி முந்தி உருகியதற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் ஒரு பறவை பட்டினி கிடக்கிறது. இதைப் படித்த நாள்முதல் எந்த உள்ளானைப் பார்த்தாலும் என் கண் அதன் அலகுக்குத்தான் போகிறது.

கடலிலும் இதே துயரம்தான். 2014 முதல் 2016 வரை வடகிழக்குப் பசிபிக் கடலில் நீடித்த வெப்ப அலையில் மீன் வளம் சரிந்தது. அலாஸ்காவில் மட்டும் காமன் மர் என்ற கடற்பறவைகள் ஏறத்தாழ 40 லட்சம் மடிந்தன. அங்கிருந்த அந்த இனத்தில் இது பாதி.

இதன் மறுபக்கத்தையும் துறை கவனிக்க வேண்டுகிறேன். வெப்பம் கூடக் கூட மரங்களும் தங்களுக்கு ஒத்த குளுமையைத் தேடி இடம்பெயர வேண்டியிருக்கிறது. மரத்துக்குக் கால் கிடையாது. பழம் தின்னும் பறவைகளும் விலங்குகளும்தான் விதையைத் தூக்கிச் செல்கின்றன. பறவைகளும் பாலூட்டிகளும் குறைந்ததால், அவற்றை நம்பியுள்ள தாவரங்கள் காலநிலை மாற்றத்துக்கு ஈடுகொடுத்து நகரும் திறன் உலக அளவில் 60 விழுக்காடு குறைந்துவிட்டதாக 2022-இல் வெளியான ஆய்வு மதிப்பிடுகிறது. இருவாச்சி போன்ற பெரிய பறவைகள் விழுங்கிச் செல்லும் பெரிய விதைகளைச் சிறு பறவைகளால் விழுங்க முடியாது. அப்பறவைகள் அற்றுப்போன காட்டில் நாம் நட்ட மரங்கள் நிற்கும். அவற்றின் அடுத்த தலைமுறை எங்கிருந்து வரும்?

ஆகவே மரம் நடுவதை நான் எதிர்க்கவில்லை. காடு அழிந்த இடத்தில் அந்த மண்ணுக்குரிய மரங்களை நடட்டும். இயற்கையாகவே திறந்த புல்வெளியில் நடுவதுதான் தவறு. புல்வெளி தன் கரிமத்தைப் பெரும்பாலும் வேரிலும் மண்ணிலும் சேர்த்து வைத்திருக்கிறது. தீப்பிடித்தாலும் அதில் பெரும்பங்கு மண்ணுக்குள்ளேயே தங்கும். அதைத் தரிசு என்று பதிவேட்டில் எழுதும்போதே அங்கு வாழும் பறவைகளின் கதை முடிந்துவிடுகிறது. வட அமெரிக்காவில் 1970-க்குப் பின் புல்வெளிப் பறவைகளின் எண்ணிக்கை பாதிக்கும் மேல் குறைந்துவிட்டது. அங்கே வேளாண் விரிவாக்கம் செய்ததை இங்கே மரக்கன்று செய்ய வேண்டாம்.

காற்றாலைகளும் நமக்குத் தேவை. எங்கே அமைக்கிறோம், எப்போது நிறுத்துகிறோம் என்பதில் உயிர்கள் தப்பும். ஸ்பெயினின் தரிஃபாவில் பாறுகள் (பிணந்தின்னிக் கழுகுகள்) நெருங்கும்போது குறிப்பிட்ட காற்றாலைகளை மட்டும் சிறிது நேரம் நிறுத்தியதில், அடிபட்டு இறக்கும் பாறுகளின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. மின் உற்பத்தியில் ஏற்பட்ட இழப்பு மிகச் சொற்பம்.

நான் கேட்பது புதிதும் அல்ல. பல்லுயிரைக் காக்க உலக நாடுகள் 2022 டிசம்பரில் மாண்ட்ரியலில் ஏற்ற உடன்பாடான குன்மிங்–மாண்ட்ரியல் உலகப் பல்லுயிர்ச் சட்டகத்தின் 8-ஆம் இலக்கு, காலநிலை நடவடிக்கைகளால் பல்லுயிருக்கு நேரும் தீங்கைக் குறைக்க வேண்டும் என்றே கூறுகிறது.

எனவே, காலநிலை நிதி பெறும் ஒவ்வொரு பணிக்கும் ஒப்புதல் வழங்கும் முன், குறைந்தது ஓர் இனப்பெருக்கக் காலமும் ஒரு வலசைக் காலமும் அந்த இடத்தில் பறவைக் கணக்கெடுப்பு நடத்த உத்தரவிட வேண்டுகிறேன். இயற்கைப் புல்வெளிகளையும் சேற்றுவெளிகளையும் தரிசுப் பட்டியலிலிருந்து நீக்கி, மரம் நடும் திட்டங்களிலிருந்து அவற்றுக்கு விலக்கு அளிக்க வேண்டும். வலசைப் பாதையில் உள்ள காற்றாலைகளுக்கு, பறவைகள் கடக்கும் நேரத்தில் இயக்கத்தை நிறுத்தும் நிபந்தனை விதிக்க வேண்டும். இவற்றில் முதலாவதை மட்டுமாவது வரும் நடவுப் பருவத்துக்கு முன்பே செய்துதர வேண்டும். குழி வெட்டிய பிறகு நடத்தும் கணக்கெடுப்பால் பயனில்லை.

மேலே சொன்ன புல்வெளியில் நான் எடுத்த பதினைந்து ஆண்டுப் பதிவுகளை, நாள், நேரம், இனம், எண்ணிக்கை விவரங்களோடு துறையிடம் ஒப்படைக்கத் தயாராக இருக்கிறேன். எந்த அலுவலரிடம் தர வேண்டும் என்று தெரிவித்தால் நேரில் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பறவைக் கணக்கெடுப்புத் தன்னார்வலர்