திங்கள் முதல் எல்லா அழைப்புகளும் ஒரே செயலியில்

அனைவருக்கும் வணக்கம்.

வரும் திங்கட்கிழமை காலை 9 மணி முதல் நம் அலுவலகத்தின் தொலைபேசி, அரட்டை, காணொளிக் கூட்டம், கோப்புப் பகிர்வு எல்லாம் மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் செயலிக்கு மாறுகின்றன. உங்கள் மேசைத் தொலைபேசி எண் மாறாது.

1. வெள்ளி மாலை 5 மணிக்குள் கணினி, கைபேசி இரண்டிலும் செயலியை நிறுவி, இருபடிச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு இன்னொரு வழியிலும் நீங்கள்தான் என்று உறுதிசெய்வது) முடியுங்கள்.
2. அலுவலகக் கோப்புகளை இந்த வாட்ஸ்அப் குழுவில் இனி பகிர வேண்டாம். பணியிலிருந்து விலகியவர்களின் கைபேசியிலும் அவை தங்கிவிடுகின்றன. வாடிக்கையாளர் விவரங்கள் அப்படிக் கிடப்பது சரியல்ல.
3. ஒருவர் ‘தொந்தரவு செய்ய வேண்டாம்’ நிலையில் இருந்தால், தயவுசெய்து காத்திருங்கள்.
4. கூட்டத்தைப் பதிவு செய்யுமுன் அனைவரின் ஒப்புதலையும் கேளுங்கள்.

இணையம் துண்டிக்கப்பட்டால் கணினிவழி அழைப்புகளும் நின்றுவிடும். முக்கிய எண்களைக் கைபேசியில் சேமித்துக்கொள்ளுங்கள்.

நிறுவியதும் ‘முடிந்தது’ என்று இங்கே பதிலிடுங்கள். சிக்கல் இருந்தால் இன்றே சொல்லுங்கள், உடன் அமர்ந்து சரிசெய்து தருகிறேன்.