ஒரு ரூபாய்க்கு வீணையா?

மயிலாப்பூர்,
சனிக்கிழமை

அன்புள்ள வெங்கிட்டு,

நாலு மாசமா பதில் போடலைன்னு திட்டு, வாங்கிக்கறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். அத்தையோட வீணையை ஒரு ரூபாயில ஆரம்பிச்சு இணைய ஏலத்துல விடப்போறேன்னு சீனுகிட்ட சொன்னியாமே? சைக்கிள் விவகாரத்துக்கு அப்புறமும் உனக்குப் புத்தி வரலை.

ஒரு ரூபாய் வித்தை கீபோர்டுக்கும் கிதாருக்கும் பலிக்கும். தேடற ஆள் ஏராளம். ஏலத் தளத்துல வாங்கறவன் தன் உச்ச விலையை ரகசியமா பதிஞ்சு வைப்பான். ஆனா விலை, ரெண்டாவது ஆள் நிக்கற இடத்துக்கு மேல ஒரு படிதான் ஏறும். ஒருத்தன் 30,000 வரை தயார், அடுத்தவன் 22,000ல நின்னுட்டான், படி 500ன்னா உனக்கு 22,500. அந்த அடுத்தவன் வரவே இல்லைன்னா? முப்பதாயிரத்துக்குத் தயாரா இருந்தவனே ஒரு ரூபாய்க்குத் தூக்கிட்டுப் போவான். வீணைக்கு அந்த வாரம் ரெண்டு பேர் வருவாங்கன்னு யார் உனக்கு ஜோசியம் சொன்னது?

அதனால, 'இதுக்குக் கீழேன்னா வீட்டுலயே இருக்கட்டும்'னு தோணற தொகைதான் ஆரம்ப விலை. மறைச்சு வைக்கிற குறைந்தபட்ச விலை வேண்டாம். எட்டாத விலையோன்னு பாக்கறவன் நகர்ந்துடுவான். கேக்கற விலைகளை நம்பாதே, முடிஞ்ச ஏலங்கள்ல நிஜமா வித்த விலையைப் பார். ஒரே பலாக்கட்டையில குடைஞ்ச ஏகாண்ட வீணையோட விலையை, தனித்தனியா செஞ்சு சேர்த்த ஒட்டு வீணைக்குப் பொருத்தாதே. தந்திக்கு அடியில வரிசையா இருக்கற மெட்டுக் கம்பிகளைப் பதிச்ச மெழுகு காஞ்சு வெடிச்சிருந்தா 24 மெட்டையும் மறுபடி கட்டணும்; அந்தக் கூலியை விசாரிச்சு விவரத்துலயே எழுதிடு. எழுதலைன்னா வாங்கறவன் பயத்துல ரெண்டு மடங்கா கழிப்பான். தளத்தோட கமிஷனை உன் கணக்குல கழிச்சுக்கோ, மரப்பெட்டி, அனுப்பற செலவு தனி.

இது விளையாட்டில்லை, கவனி. பழைய வீணைன்னா குடத்து, அதாவது அந்தப் பெரிய உருண்டைப் பகுதியோட, ஓரத்து வெள்ளை வேலைப்பாடு தந்தமா இருக்கலாம். தந்தம்னா விற்கவே கூடாது, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. எலும்புன்னு எழுதிச் சமாளிக்கலாம்னு நினைக்காதே. தெரிஞ்ச ஆசாரிகிட்ட முதல்ல காட்டு.

விஜயதசமிக்கு ஒரு மாசம் முன்னாடி போடு, அப்பதான் புதுசா கத்துக்கறவங்க வீணை தேடுவாங்க. ஏலம் ஞாயிறு ராத்திரி எட்டரைக்கு முடியட்டும். அமெரிக்காவுல இருக்கற நம்மாளுங்களுக்கு அப்போ ஞாயிறு காலை.

வித்தாச்சுன்னா கழுத்துக்கு அடியில இருக்கற சுரைக்காய்க் குடுவையைக் கழட்டித் தனியா சுத்து, தந்திகளைத் தளர்த்து. ஒட்டு வீணையில அடி வாங்கறது குடமும் நீளக் கழுத்தான தண்டியும் சேர்ற இடம்தான், அங்கே பஞ்சை அடை.

குடம், கழுத்து நுனியில இருக்கற யாளி முகம், மெட்டு மூணையும் படம் எடுத்து அனுப்பு. என் கமிஷன் பழையபடி ரெண்டு டிகிரி காபி, சீனு கணக்குல இல்லை.

உன்,
பாச்சா