லிஃப்ட் மெக்கானிக் சம்பளமும் ஏ.எம்.சி. பேரமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏப்ரல் பிறந்தால் சென்னை அடுக்குமாடிச் சங்கங்களில் லிஃப்ட் ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) பேரம் ஆரம்பமாகிவிடும். மூன்று கம்பெனியில் கொட்டேஷன் வாங்கி, குறைந்ததைக் காட்டி மற்ற இரண்டையும் இறக்கச் சொல்வார்கள். சங்கத்துப் பணம், பார்த்துத்தான் செலவு செய்ய வேண்டும், சரி. ஆனால் அப்படிக் குறைகிற தொகை யார் மடியிலிருந்து போகிறது என்பதை லிஃப்ட் மெக்கானிக்காக வேலை செய்கிற நான் சொல்லியாக வேண்டும். ரோப் விற்கிறவரோ கன்ட்ரோலர் போர்டு விற்கிறவரோ விலையை இறக்க மாட்டார். கம்பெனி கை வைக்க முடிவது ஆள் கூலியில்தான்.

முதலில் நிறுத்தியது ஹெல்பரை. கரண்ட் போய், அப்போது லிஃப்டைப் பக்கத்து மாடிக்குக் கொண்டுசேர்க்க வேண்டிய ஏ.ஆர்.டி. கருவியும் கைவிட்டு, லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டால், பழைய கியர் மெஷின் உள்ள கட்டடங்களில் கையால்தான் நகர்த்த வேண்டும். மெயினை ஆஃப் செய்துவிட்டு ஒருவர் பிரேக் லீவரைத் தளர்த்திப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்ற வேண்டும். கேபினில் ஒருவரோ இருவரோ மட்டும் இருந்தால், ரோப்பின் மறுமுனையில் தொங்கும் எடையான கவுண்டர் வெயிட் பக்கம்தான் கனம் அதிகம். பிரேக் தளர்ந்ததும் லிஃப்ட் மேலே இழுக்கும். எந்த நொடியில் லீவரை விட வேண்டும் என்று பழகிய கை வேண்டும். இப்போது ராத்திரி காலுக்கு (பழுது என்று வரும் அழைப்புக்கு) ஒரே ஆளைத்தான் அனுப்புகிறார்கள். வேறு வழியில்லாமல் அந்தக் கட்டடத்து வாட்ச்மேனை லீவர் பிடிக்கக் கூப்பிடுகிறோம். பாவம், வயதான மனிதர், மெஷின் ரூமுக்குள் அதுவரை கால் வைத்தே இருக்க மாட்டார். கேபினுக்குள் ஒரு பாட்டியோ டியூஷனுக்குக் கிளம்பிய பிள்ளையோ கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் எனக்கு வரும் பயம் சங்கத்துக் கூட்டத்தில் யாருக்கும் தெரியாது.

நான் ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் எலெக்ட்ரீஷியன் படித்தவன். லிஃப்ட் வேலையை சீனியர் அண்ணன்களோடு பிட்டில், அதாவது லிஃப்டுக்கு அடியில் உள்ள பள்ளத்தில், இறங்கிக் கற்றுக்கொண்டேன். சட்டையில் இருப்பது கம்பெனி பெயர், சம்பளம் போடுவது அவர்களுக்குக் கீழே உள்ள கான்ட்ராக்டர். பிடித்தம் போக இருபதாயிரம் கைக்கு வந்தால் பெரிது. போன வருடம் 800 ரூபாய் கூட்டினார்கள், அதுவே வினையாகிவிட்டது. சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியது. இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2017 ஜனவரியில் வைத்த சம்பள வரம்பு அது. அந்த ஆறு மாதக் கணக்கு முடிந்ததும் இ.எஸ்.ஐ. நின்றுபோனது. அதற்காக எங்களிடம் பிடித்தது சம்பளத்தில் முக்கால் சதவீதம்தான். அந்தப் பணத்துக்கு அயனாவரம் ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தோம். இப்போது மெடிக்கல் ஷாப்பில் வாங்குகிறோம், கூட்டிய 800 ரூபாய் அதற்கே பற்றவில்லை. உயிரைப் பணயம் வைத்து லிஃப்ட் ஓடுகிற ஷாஃப்டில் ஏறி இறங்குகிறவனுக்கு ஆஸ்பத்திரி அட்டை இல்லை என்பதை எப்படி ஏற்றுக்கொள்வது?

ஆவடிப் பக்கம் ஒற்றை பெட்ரூம் வீட்டுக்கு வாடகை 8,500. அரசு தருகிற 100 யூனிட் இலவச மின்சாரம் எங்கள் வாசலுக்கு வருவதில்லை. வீட்டுக்காரர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வாங்குகிறார். தண்ணீர் கேன், பையனின் ஸ்கூல் வேன், மளிகை எல்லாம் உங்கள் வாசகர்களுக்கும் உள்ளதுதான். எங்களுக்குத் தனியாக இருப்பது பெட்ரோல். சொந்த பைக்கில் முகப்பேர், அண்ணா நகர், புரசைவாக்கம் என்று ரூட் பார்க்கிறேன். நடுவில் பிரேக்டவுன் கால் வந்தால் திரும்பவும் அதே ரோட்டில் ஓட வேண்டும். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய்க்குக் கீழே இருந்தபோது நிர்ணயித்த படியைத்தான் இன்னும் தருகிறார்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் பிட் எல்லாம் குளமாகக் கிடந்தது. எங்களை அங்கே அனுப்பினார்கள். சாக்கடை கலந்த தண்ணீரை இறைத்து, சேற்றைக் கழுவி, நனைந்த ஸ்விட்ச்களை ஒவ்வொன்றாக மாற்றினோம். சங்கங்களுக்குத் தனி பில் போனது. எங்களுக்கு வழக்கமான சம்பளம்தான் வந்தது.

கை தேர்ந்த பையன்கள் துபாய், தோஹா என்று கிளம்பிவிடுகிறார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் லிஃப்ட் மெக்கானிக்கின் நடுத்தரச் சம்பளமே, அந்நாட்டு அரசுக் கணக்குப்படி, ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல். அங்கே இந்தத் தொழிலாளர்களின் சங்கம் 1901-லிருந்து இருக்கிறது. நாங்கள் டாலர் கணக்கில் கேட்கவில்லை. வாடகை கொடுத்த பிறகும் மாதக் கடைசி வரை தாங்குகிற சம்பளம் கேட்கிறோம்.

1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் லிஃப்ட் ஓட்ட உரிமம் வேண்டும், மின் ஆய்வுத் துறையிலிருந்து வந்து பார்ப்பார்கள். அதே போல, அதைப் பராமரிக்கிறவரின் பயிற்சிக்கும் ஆபத்துக்கும் ஏற்ற அடிப்படைச் சம்பளத்தைத் தொழிலாளர் துறை நிர்ணயித்து, கான்ட்ராக்டர் அதைத் தருகிறாரா என்று பார்க்க வேண்டும். இ.எஸ்.ஐ. வரம்பை இன்றைய விலைவாசிக்குத் தக்கபடி உயர்த்துவது மத்திய அரசின் கையில் இருக்கிறது.

சங்கச் செயலாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த ஏப்ரலில் கையெழுத்துப் போடும் முன், ஆள் மாட்டிக்கொண்டால் எந்த நேரமானாலும் பயிற்சி பெற்ற இரண்டு பேர் வர வேண்டும், ராத்திரி காலுக்கு அவர்கள் கையில் தனிப் படி போய்ச் சேர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். நாற்பது வீடு உள்ள கட்டடத்தில் அதற்காக மாதம் 2,000 ரூபாய் கூடினாலும், வீட்டுக்கு ஐம்பது ரூபாய்தான் வரும்.

இப்படிக்கு,
லிஃப்ட் மெக்கானிக் ஒருவர்,
ஆவடி.