தனியாக உண்ண மனமில்லாத தெய்வம்

திருச்சி

அன்புள்ள வசந்தா,

நான் ஊரில் இல்லாதபோது வந்த உன் கடிதத்தை அடுத்த வீட்டார் பத்திரமாக வாங்கி வைத்திருந்தார்கள். நேற்றுதான் கைக்குக் கிடைத்தது. முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கைத்தடி இல்லாமல் வாசல் வரை நடந்ததாக எழுதியிருக்கிறாயே, அந்த வரியை மூன்று முறை படித்தேன். மாடிப்படி விஷயத்தில் மட்டும் அவசரப்படாதே.

ஜப்பானில் எந்தக் கோயிலுக்குப் போனாய், என்ன சாப்பிட்டாய் என்று கேட்டிருந்தாய். நகோயாவில் மகள் வீட்டில் இருந்த ஒரு மாதத்தில் நிறையப் பார்த்தேன். கியோத்தோவில் ஃபுஷிமி இனாரி மலையேறினேன். ஆயிரக்கணக்கான செந்நிற மர வாசல்கள், கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் கூட்டத்தில் ஒரு நிமிடம் நின்று கும்பிட இடமில்லை. மனதில் தங்கிவிட்ட ஊர் இசே.

நகோயாவிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம். அங்கே இரண்டு பெரிய கோயில்கள். உள்கோயிலில் இருப்பவள் சூரிய தேவி அமதெராசு. வெளிக்கோயிலில் தொயோஉகே, அன்னத்துக்குரிய தெய்வம். முதலில் வெளிக்கோயிலை வணங்கிவிட்டு, பிறகு பஸ் ஏறி உள்கோயிலுக்குப் போவதே முறை. ஏன் இரண்டு கோயில் என்று மகளிடம் கேட்டேன். சுமார் 1500 ஆண்டுகளுக்கு முன் யூரியாக்கு பேரரசரின் கனவில் அமதெராசு தோன்றி, ஒற்றையாக இருப்பது துயரமாக இருக்கிறது, சாப்பாடும் நிம்மதியாக இறங்கவில்லை என்று சொன்னாளாம். அதனால்தான் தொயோஉகேயைத் தம்பா நாட்டிலிருந்து அழைத்துவந்தார்களாம். இதைக் கேட்டதும் உன் நினைவுதான் வந்தது. அண்ணாமலை நகர் விடுதியில் நான் ஆய்வகத்திலிருந்து வரும்வரை சாப்பிடாமல், கழுவிய தட்டோடு உட்கார்ந்திருப்பாயே!

அன்று முதல் தினமும் காலையும் மாலையும் வெளிக்கோயிலில் தெய்வங்களுக்கு உணவு படைக்கிறார்கள். சோறு, உப்பு, தண்ணீர், மீன், கடற்பாசி, அந்தப் பருவத்துக் காய்கனி, அரிசி மது. மரத்தோடு மரத்தைக் கடைந்துதான் அடுப்புக்குத் தீ மூட்டுவார்கள். அரிசி கோயில் வயலில் விளைந்தது; உப்பு பக்கத்து ஊரான ஃபுதாமியில் காய்ச்சி, முக்கோண மண் அச்சில் இட்டுச் சுட்டெடுத்தது. படைக்கும் மண்பாண்டத்தை மறுமுறை பயன்படுத்துவதில்லை.

உள்கோயிலுக்குப் போக உஜி பாலத்தைக் கடக்க வேண்டும். கீழே இசுசு நதி, கூழாங்கல் எண்ணும் அளவுக்குத் தெளிவு. படிக்கரையில் குனிந்து கை நனைத்தேன். விரல் நுனி மரத்துப்போகும் குளிர். கருவறையை நாம் பார்க்க முடியாது. வேலிக்கு மேலே கூரையின் முகடு மட்டும் தெரியும். வாசலில் ஒரு வெள்ளைத் துணி தொங்குகிறது. இருமுறை குனிந்து வணங்கி, இருமுறை கைதட்டி, மறுபடி குனிந்தேன். அப்போது காற்றில் அந்தத் துணி மெல்ல எழுந்தது. சிதம்பரத்தில் நடராஜர் சன்னிதியில் திரை விலகும் கணத்துக்காக நாம் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்து, கண் கலங்கிவிட்டது.

கோயிலுக்குப் பக்கத்திலேயே அதே அளவில் ஒரு வெற்றிடம், கல் பரப்பிக் கிடக்கிறது. 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை அங்கே அச்சு அசலாகப் புதுக்கோயில் கட்டி, தெய்வத்தை இடம் மாற்றிவிடுவார்களாம். 690-இல் தொடங்கிய வழக்கம். போர்க்காலத்தில் நூறாண்டுக்கும் மேல் தடைபட்டு, மீண்டும் தொடர்ந்திருக்கிறது. கடைசியாக நடந்தது 2013-இல், 62-ஆவது முறை. பழைய மரத்தை வீணாக்குவதில்லை. முகட்டைத் தாங்கிய தூண்கள்தான் உஜி பாலத்தின் இரு முனையிலும் வாசல்களாக நிற்கின்றன. திரும்பும்போது அந்தத் தூணைத் தடவிப் பார்த்தேன். கருங்கல்லில் மட்டும்தான் கோயில் நிலைக்கும் என்று நினைத்திருந்தேனே வசந்தா, எவ்வளவு தவறு!

இனி சாப்பாடு. பாலத்தை ஒட்டிய கடைத்தெருவில் இசே உடோன் கிடைக்கிறது. விரல் தடிமனுள்ள கோதுமை நூடுல்ஸ், ஒரு மணி நேரம்போல வேகவைத்தது, வாயில் வைத்தால் பல்லுக்கு வேலையே இல்லை. கிண்ணத்தின் அடியில் கறுப்பான சோயா சாறு கொஞ்சம், மேலே நறுக்கிய வெங்காயத்தாள், அவ்வளவுதான். நாள்கணக்கில் நடந்து களைத்து வந்தவர்களின் வயிற்றுக்கு இதமாக இருக்கட்டும் என்றுதான் இப்படிக் குழைய வேகவைத்தார்கள் என்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது தெகோனே சூஷி. சோயாவில் ஊறிய சூரை மீனைக் காடி கலந்த சோற்றோடு சேர்த்த மீனவர் உணவு. அவர்கள் படகிலேயே கையால் பிசைந்து சாப்பிட்டதால் அந்தப் பெயர். தெகோனே என்றால் கையால் பிசைந்தது என்று பொருள். நம் கைக்கு இதைச் சொல்லித்தரவா வேண்டும்!

பிறகு 1707 முதல் இருக்கும் அகாஃபுகு கடையில் பாயில் உட்கார்ந்து இனிப்புச் சாப்பிட்டோம். மெத்தென்ற அரிசிக் கொழுக்கட்டை, அதன்மேல் விரலால் வழித்துவிட்ட இனிப்புப் பயற்று விழுது. விழுதின்மேல் மூன்று வரி பள்ளம். அது இசுசு நதியின் நீரோட்டம். அடியில் உள்ள வெள்ளை மாவு ஆற்றுக் கூழாங்கல். வெளியே ஆறு ஓடிக்கொண்டிருக்க, தட்டில் அதே ஆறு!

உன்னிடம் சொல்லியே ஆகவேண்டிய செய்தி ஒன்று. அந்தக் காலத்தில் எல்லோராலும் இசேக்குப் போக முடியாது. கிராமத்தார் நம் ஊர்ச் சீட்டு மாதிரிப் பணம் சேர்த்து, யார் பெயர் விழுகிறதோ அவரை எல்லோர் சார்பிலும் அனுப்பிவைப்பார்கள். நடக்க முடியாதவர்கள் தங்கள் நாயின் கழுத்தில் வழிச்செலவுக் காசைக் கட்டி அனுப்பியதும் உண்டு. வழியில் உள்ளவர்கள் அதற்குச் சோறு போட்டு அடுத்த ஊர்வரை கொண்டுபோய் விடுவார்களாம்.

நாம் சேர்ந்து போகவேண்டும் என்று பேசிய பயணம் இது. ஆகவே அந்த வெள்ளைத் துணியின் முன் என் பெயருக்கு முன்னால் உன் பெயரைச் சொல்லி உன் முழங்காலுக்காக வேண்டிக்கொண்டேன். கழுத்தில் கயிறு கட்டிய சின்ன நாய் பொம்மை ஒன்று வாங்கியிருக்கிறேன், பார்சலில் வரும்.

அகாஃபுகு இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது, அதனால் கொண்டுவரவில்லை. சிவப்புக் காராமணியை வெல்லம் போட்டு அரைத்து நானே செய்துபார்க்கப் போகிறேன். தை பிறந்ததும் வருகிறேன். அதுவரை மருத்துவர் சொன்ன பயிற்சியை ஒருநாள்கூட விடாதே.

அன்புடன்,
உன் கமலா